புஸ்தகத்தில் இல்லாத வண்டு

ஐப்பசி மழை விடாமல் கொட்டிவிட்டுச் சற்றே ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில், முனிசாமி என்ற குடியானவன் சின்ன காஞ்சிபுரத்தில் மரகதவல்லியின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். முசரவாக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தான். முழங்கால்வரை சேறு. கக்கத்தில், நனையாமலிருக்க வாழையிலையில் சுருட்டிய ஒரு சின்னப் புத்தகம்.

மரகதவல்லி அப்போது கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளருக்குள் ஒரு பிள்ளைப்பூச்சி மண்வெட்டி போன்ற முன்கால்களால் கண்ணாடியைத் தோண்டப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். அவளுடைய கணவர் பாஷ்யம் ஹைஸ்கூலில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். அவரும் மகள் தாராவும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் வீட்டு வேலையை முடித்துவிட்டு இப்படி ஏதாவது ஒரு பூச்சியோடு உட்காருவது அவளுக்கு வழக்கம்.

தாராவுக்கு நாலைந்து வயதில் ஊர்கிற எதைக் கண்டாலும் பயம். சுவரில் பல்லி இருந்தால் அந்த அறைக்குள் போகமாட்டாள். ஈசல் விளக்கைச் சுற்றினால் போர்வைக்குள் புகுந்துகொண்டு அழுவாள். அவள் பயத்தைத் தெளிவிக்கத்தான் மரகதவல்லி கதை சொல்ல ஆரம்பித்தாள். கதையில் அந்தப் பூச்சியே பேசும். நான் எங்கே குடியிருக்கிறேன், என்ன சாப்பிடுகிறேன், எனக்கு ஏன் இத்தனை கால் என்று தன் கஷ்டநஷ்டங்களைச் சொல்லும். ஒவ்வொரு கதையும் ஒரே மாதிரி முடியும்: “என்னைத் தொட்டுப் பார். உனக்கும் பயமில்லை, எனக்கும் பயமில்லை.”

தாராவின் பயம் போயிற்று. பாஷ்யம் அந்தக் கதைகளைப் பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் கொடுத்து, மனைவி வரைந்த படங்களுக்குக் கட்டை செதுக்க வைத்து, ‘மழை கொண்டுவந்த சிநேகிதர்கள்’ என்று புத்தகமாகப் போட்டார். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களில் அதைப் பரிசாகக் கொடுக்க வாங்கிக்கொண்டார்கள். தன் பெயர் அச்சில் இருக்கும் ஒரு பொருள் தான் பார்த்தே இராத ஊர்களில், பார்த்தே இராத குழந்தைகளின் கையில் இருக்கிறது என்ற நினைப்பு அவளுக்கு அடிக்கடி வரும். வரும்போதெல்லாம் இனிக்கும்.

“இந்தப் புஸ்தகம் எழுதின அய்யா வூடு இதுதானுங்களா?” என்று வாசலில் நின்று கேட்டான் முனிசாமி.

“நான்தான் எழுதினேன். என்ன வேணும்ப்பா?”

அவன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். “எம் பேரு முனிசாமிமா. முசரவாக்கம். எம் பொண்ணு கிருஷ்ணவேணிக்கு இஸ்கூல்ல இத்த பரிசா குடுத்தாங்க. தெனம் படிச்சிக்கினே இருக்கும். எங்களுக்கும் படிச்சிக் காட்டும். எனக்கே பாதி மனப்பாடம் ஆயிடுச்சு.”

மரகதவல்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதற்காகவா இவ்வளவு தூரம் நடந்து வந்தான்? “ரொம்ப சந்தோஷம்ப்பா. அப்படி உக்காரு. மோர் கொண்டு வரேன்.”

“வேணாம்மா. ஒரு சந்தேகம். அத்த கேட்டுக்கினு ஓடிடணும்.” அவன் இலையைப் பிரித்துப் புத்தகத்தைத் திறந்தான். தம்பலப்பூச்சியின் படம் போட்ட பக்கம். “இந்தப் பூச்சி வவுத்துல போனா ஒண்ணும் பண்ணாதில்ல?”

“யார் வயத்துல?”

“எம் பையன் கன்னியப்பன். ரெண்டு வயசு ஆவப்போவுது. எம் பொண்ணு புடிச்சி வெச்சிருந்ததுல ஒண்ண காத்தால எடுத்து மென்னுட்டான். உதடு, நாக்கு எல்லாம் கொப்பளிச்சிக் கெடக்குது. எச்சி வடியறது நிக்கல. எம் பொஞ்சாதி வைத்தியர்கிட்ட தூக்கிக்கினு போலாம்னா. நான்தான், ஒண்ணும் பண்ணாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குதே, எதுக்கும் எழுதினவங்களையே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்னு வந்தேன்.”

அவன் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒண்ணும் பண்ணாது என்று அவள் சொல்வாள், உடனே நிம்மதியாகத் திரும்பலாம் என்ற நம்பிக்கைதான் இருந்தது. மரகதவல்லி அவன் கையிலிருந்த படத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். தம்பலப்பூச்சி கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. பட்டுத் துணியில் கத்தரித்து எடுத்தாற்போல மெத்தென்று இருக்கும். அதை மென்றால் வாய் கொப்பளிக்காது.

“அந்தப் பூச்சி ஏதாவது கையில இருக்கா?”

முனிசாமி துண்டின் முனையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தான். ஆமணக்கிலைக்குள் செத்துக் கிடந்தது ஒரு வண்டு. விரலின் ஒரு கணு நீளம். சிவப்பு முதுகில் குறுக்கே கறுப்புப் பட்டைகள், ஜமக்காளத்தில் கோடு ஓட்டினதுபோல.

மரகதவல்லி அதைப் பார்த்ததில்லை. தன் வீட்டுக் கொல்லையிலும் குளக்கரையிலும் கண்டவற்றைத்தான் அவள் எழுதியிருந்தாள். வயல் பக்கம் அவள் போனதே கிடையாது.

“இது தம்பலப்பூச்சி இல்லையேப்பா. அது துளியூண்டு இருக்கும்.”

“படத்துல இம்மாம் பெருசா போட்டிருக்குதே?”

ஆமாம். குழந்தைகளுக்குக் கால்கள் நன்றாகத் தெரியட்டும் என்று அவள்தான் பக்கம் முழுக்க வரும்படி பெரிதாக வரைந்திருந்தாள். அச்சில் கறுப்பு மைதான். சிவப்பு என்பது எழுத்தில்தான் இருந்தது. சிவப்பாக இருக்கும், மழைக்கு வரும், உருண்டை உடம்பு, தொட்டுப் பார். வேறென்ன அடையாளம் சொல்லியிருந்தாள்? ஒன்றுமில்லை.

முனிசாமி சொல்லிக்கொண்டே போனான். “இது எங்க அவரைப் பந்தல்ல பூ தின்னும்மா. மேல பட்டா எரியும்னு எங்களுக்குத் தெரியும். தொடாதேன்னு பொண்ணக் கண்டிச்சேன். அது புஸ்தகத்த எடுத்தாந்து, இந்தா பாரு நைனா, செவப்பா இருக்கறதுக்காவ பயப்படக் கூடாதுன்னு போட்டிருக்குதுன்னு படிச்சுச்சு. அச்சுல போட்டிருக்கறப்ப நான் இன்னாத்த சொல்றது.”

மரகதவல்லி எழுந்துவிட்டாள். கதவைச் சாத்தினாளா, பக்கத்து வீட்டில் என்ன சொன்னாள் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகு நினைவில்லை. முனிசாமி பின்னால் வர, டிஸ்பென்சரியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவள் அப்படித் தெருவில் போய் யாரும் பார்த்ததில்லை.

டாக்டர் ராஜவேலு ஓர் ஆளின் கையைத் தைத்துக்கொண்டிருந்தார். நெல் மெஷினில் மாட்டிய கை. பெஞ்சின் கீழே இரத்தம் சொட்டியிருந்தது. முனிசாமி இலையை நீட்டி, பையன் தின்றதைச் சொன்னதும் ஊசியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை மரகதவல்லி கவனித்தாள்.

“எத்தனை தின்னான்?”

“ஒண்ணுதானுங்க. பாதி துப்பிட்டான்னு எம் பொண்ணு சொல்லிச்சு.”

“மூத்திரம் போனானா? என்ன நிறம்?”

“நான் பாக்கலீங்க.”

“எண்ணெய் ஏதாவது குடுத்தீங்களா? விளக்கெண்ணெய், நெய், எதாவது?”

“இன்னும் இல்லீங்க. வெளக்கெண்ண காச்சிக் குடுக்கறேன்னு எம் பொஞ்சாதி சொல்லிக்கினு இருந்தா.”

“குடுக்கக் கூடாது. ஒரு சொட்டுகூட உள்ள போகக் கூடாது. இந்த வண்டு விஷம் எண்ணெயிலதான் கரையும். எண்ணெய் போச்சுன்னா மொத்த விஷமும் உடம்புல இறங்கிடும்.” அவர் மரகதவல்லியின் பக்கம் திரும்பினார். “இந்தக் கையை நான் பாதியில விட முடியாதும்மா. முடிச்சுட்டு சைக்கிள்ல பின்னாலேயே வரேன். யாராவது முன்னால போயி எண்ணெய் குடுக்காம தடுக்கணும். முட்டையோட வெள்ளைக்கருவைத் தண்ணியில அடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கணும். நொய்க்கஞ்சித் தண்ணி குடுக்கலாம்.”

“நான் போறேன்” என்றாள் மரகதவல்லி.

“நீங்களா?”

“இவர் சொன்னா இவர் ஆத்துல கேக்காம போயிடலாம். நான் போறேன்.”

வாடகைக் குதிரைவண்டி ஒன்று கிடைத்தது. அவள் உள்ளே உட்கார, முனிசாமி வண்டிக்காரன் பக்கத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவனுக்கும் இப்போது விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. பயத்தில் சிலருக்கு வாய் அடைத்துப் போகும், அவனுக்கு அவிழ்ந்துகொண்டது.

“எம் பொண்ணு முன்னெல்லாம் பூரானப் பாத்தா ஊரக் கூட்டும்மா. இப்ப பாத்தா, எங்க வூட்டுக்கு விருந்தாளி வந்துக்கீறாருன்னு சொல்லும். தெருப் புள்ளைங்கள எல்லாம் ஒக்காத்தி வெச்சிப் படிக்கும். எது வந்தாலும் பயப்படாதீங்க, தொட்டுப் பாருங்கன்னு அதுங்களுக்கும் சொல்லிக் குடுத்துக்கீது.”

பூரான். தேளையும் தொடச் சொல்லியிருப்பாளா? பாம்பு? தெருப் பிள்ளைகள் என்றானே, எத்தனை பிள்ளைகள்? முசரவாக்கம் ஒரே ஒரு ஊர். இப்படி எத்தனை ஊரில் எத்தனை பேர் உட்கார்ந்து படிக்கிறார்கள்? காலையில் இனித்த அதே நினைப்பு இப்போது வண்டிக்குள் அவளோடு ஒரு பேய் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் பெரிய தெருவில் நெல் வண்டி ஒன்று அச்சு முறிந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரன் குதிரையை நெசவாளர் தெருவுக்குள் திருப்பினான். திருப்பிய பிறகுதான் தெரிந்தது, தெரு நெடுக நெசவுக்கான பாவு போட்டிருந்தார்கள். மழை விட்ட நேரத்தைத் தவறவிடாமல் பட்டு நூல் பாவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கழிகளில் இழுத்துக் கட்டி, ஆணும் பெண்ணுமாக இரு பக்கமும் நின்று இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். குதிரை நுழைந்தால் ஒரு கல்யாணப் புடவையே போய்விடும்.

“திருப்புபா வண்டிய” என்று அங்கிருந்து ஒருவர் கையைக் காட்டினார். திருப்பினால் ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

மரகதவல்லி இறங்கினாள். முனிசாமிதான் சொன்னான்: “கொயந்த விஷம் தின்னுட்டுதுங்க. எண்ண குடுத்துடப் போறாங்க. அதுக்குள்ள போவணும்.”

அந்த மனிதர் வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பித் தெலுங்கில் நீளமாக ஏதோ குரல் கொடுத்தார். தெரு முழுக்க ஆட்கள் கழிகளைப் பெயர்த்துக் கையில் பிடித்தார்கள். அரக்குச் சிவப்பில் நீண்டு கிடந்த அந்தப் பாவு அப்படியே எழுந்து, ஓர் இழைகூடத் தொய்யாமல், மெல்ல நகர்ந்து, வலப்பக்கத்துச் சுவர்களோடு ஒட்டிக்கொண்டது. வண்டிக்காரன் இறங்கிக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து நடத்திச் சென்றான். மரகதவல்லி வண்டியை ஒட்டியே நடந்தாள். பாவைத் தாங்கி நின்ற ஒரு பெண், “ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். “ஆம்பள” என்றான் முனிசாமி. அந்தப் பெண் கண்களை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள்.

ஊரைத் தாண்டியதும் தூறல் ஆரம்பித்தது. வழியில் ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்து பாதையின் குறுக்கே தண்ணீர் ஓடியது. குதிரை இறங்க மறுத்து நின்றுவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரகதவல்லி தண்ணீரில் இறங்கினாள். முனிசாமி தன் துண்டின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். அக்கரையிலிருந்து ஊர் கூப்பிடு தூரம்தான். இருவரும் ஓடினார்கள்.

வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். உள்ளே முனிசாமியின் மனைவி அங்கம்மாள் காலை நீட்டிப் போட்டுக் குழந்தையைக் கிடத்தியிருந்தாள். அதன் உதடுகள் தடித்து வெளுத்திருந்தன. அழக்கூட முடியாமல் ஒரு மாதிரி முனகிக்கொண்டிருந்தது. அங்கம்மாளின் கையில் பால் புகட்டும் பாலாடை. அதில் வெதுவெதுப்பாக எண்ணெய். குழந்தையின் வாயருகே கொண்டுபோயிருந்தாள்.

“எண்ணெய் வேண்டாம்” என்று கத்திக்கொண்டே மரகதவல்லி கையை நீட்டிப் பாலாடையைத் தட்டிவிட்டாள். எண்ணெய் மண்தரையில் சிந்தியது.

அங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “யாரு இது?”

“புஸ்தகம் எழுதின அம்மா” என்றான் முனிசாமி.

அங்கம்மாள் பார்த்த பார்வைக்கு மரகதவல்லியால் முகம் கொடுக்க முடியவில்லை. குனிந்து, “ஏற்கெனவே குடுத்தாச்சா?” என்று கேட்டாள்.

“ஒரு பாலாட குடுத்தேன். பாதி வெளிய வந்துடுச்சு.”

பாதி உள்ளே போயிருக்கிறது. “முட்டை வேணும், சீக்கிரம்” என்றாள் மரகதவல்லி. யாரோ ஒருத்தி முட்டை கொண்டுவந்து கொடுத்தாள். அங்கம்மாள் சிந்திய எண்ணெயையே வெறித்துக்கொண்டிருந்தாள். முனிசாமி குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மரகதவல்லி தன் வாழ்நாளில் முட்டையைத் தொட்டவளில்லை. எங்கே உடைப்பது என்றுகூடத் தெரியாமல் உலக்கை முனையில் தட்டினாள். முதல் முட்டை மஞ்சளோடு கலந்து கையில் வழிந்தது. இரண்டாவதில் வெள்ளைக்கரு பிரிந்து வந்தது. அதைத் தண்ணீரில் அடித்து, குழந்தையை மடியில் வாங்கிப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் குழந்தை எரிச்சலில் துடித்து முதுகை வில்லாக வளைத்தது. அவள் மடி நனைந்தது. பார்த்தாள். இளஞ்சிவப்பாக இருந்தது.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

குழந்தை கொஞ்சம் அசந்தபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. “கிருஷ்ணவேணி எங்கே?”

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இங்கதான் அழுதுக்கினு இருந்துச்சு” என்றாள் ஒருத்தி. அங்கம்மாள், “நான்தான் அடிச்சேன். தம்பிய சாவடிச்சிட்டியேடின்னு கேட்டேன்” என்றாள். சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“மிச்ச வண்டெல்லாம் எங்கே?”

கொட்டாங்கச்சியில் போட்டு மூடி மாடத்தில் வைத்திருந்தாளாம். மாடத்தில் கொட்டாங்கச்சி இல்லை.

மரகதவல்லி குழந்தையை முனிசாமியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மாட்டுக் கொட்டகையில் இல்லை. அவரைப் பந்தலின் கீழே இல்லை. வைக்கோல்போருக்குப் பின்னால் போனாள். அங்கே ஒன்பது பத்து வயதுப் பெண் ஒருத்தி குந்தி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் அடி விழுந்த தடம். பக்கத்தில் கொட்டாங்கச்சி. ஏந்திய உள்ளங்கையில் ஒரு வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது.

“கிட்ட வராத” என்றாள் அவள். “வந்தா முழுங்கிடுவேன்.”

மரகதவல்லி நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அவனுக்கு ஒண்ணும் ஆவாது. இது ஒண்ணும் பண்ணாது. அம்மா நம்பமாட்டேங்குது. நான் தின்னு காட்டறேன்.”

“வேண்டாம்மா. அது வேற வண்டு. கீழே போட்டுடு.”

“நீ யாரு?”

“அந்தப் புஸ்தகத்தை எழுதினவ.”

பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சேறு படிந்த புடவை, அவிழ்ந்து தொங்கிய தலைமுடி, கையெல்லாம் முட்டை. “பொய்யி. புஸ்தகம் எழுதினவங்க இங்க எதுக்கு வரப்போறாங்க.”

“நான்தாம்மா. நிஜமாத்தான்.”

“அப்படின்னா அந்தப் புஸ்தகத்துல குழியானப் பூச்சி இன்னா சொல்லும்? சொல்லு.”

மரகதவல்லி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எத்தனை தடவை தாராவுக்குச் சொன்ன கதை, எத்தனை தடவை அச்சுக்கூடத்திலிருந்து வந்த தாளில் திருத்திய கதை. கிருஷ்ணவேணியின் கையில் வண்டு கட்டைவிரலுக்கு ஏறியது. மரகதவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி, ஒரே ஒரு வரி நினைவுக்கு வந்தால் போதும்.

“என் வீடு... என் வீடு புனல் மாதிரி இருக்கும்” என்று ஆரம்பித்தாள். “வாசப்படி கிடையாது. வரவா எல்லாரும்...”

“சறுக்கித்தான் வருவா” என்று அந்தப் பெண் முடித்தாள்.

“சறுக்கித்தான் வருவா. எனக்கு முன்னால நடக்கத் தெரியாது. பின்னாலயே நடந்து பின்னாலயே பெரியவனானேன்.”

“அப்பறம்?”

“எங்கம்மாவுக்கு இறக்கை உண்டு. எனக்கும் ஒரு நாள் முளைக்கும். அதுவரைக்கும் மண்ணுக்குள்ள ஒளிஞ்சுண்டு காத்திண்டிருப்பேன்.”

கிருஷ்ணவேணியின் கை கொஞ்சம் தாழ்ந்தது. கண்கள் மட்டும் அவளை விடவில்லை. “நெசமாவே நீதானா?”

“நான்தான்.”

“அப்ப நீயே சொல்லு. இது ஒண்ணும் பண்ணாதில்ல?”

காலையில் அவள் அப்பன் கேட்ட அதே கேள்வி. “இது எனக்குத் தெரியாத வண்டும்மா” என்றாள் மரகதவல்லி. “இன்னிக்குத்தான் முதமுதல்ல பாக்கறேன். இதைப் பத்தி நான் எழுதவே இல்லை.”

“தெரியாதா?”

“தெரியாது.”

“எல்லாம் தெரிஞ்ச மாதிரி எழுதி வெச்சிருந்தியே.”

அந்தப் பெண் கையை உதறினாள். வண்டு வைக்கோலில் விழுந்து, புரண்டு எழுந்து, இறக்கையை விரித்துப் பறந்து போயிற்று. மரகதவல்லி பாய்ந்து சென்று அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் கிருஷ்ணவேணி அழ ஆரம்பித்தாள். உள்ளங்கையில் வண்டு ஊர்ந்த தடம் செக்கச் சிவந்திருந்தது. மரகதவல்லி அவளைத் தொட்டித் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எந்த வண்டையும் விழுங்கவில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பத்துத் தடவை இல்லை என்ற பிறகும் நம்பிக்கை வரவில்லை.

டாக்டர் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கலங்கலைத் தாண்டி வந்து சேர்ந்தார். மரகதவல்லி புடவைத் தலைப்பை விலக்கி அந்தக் கறையை அவருக்கு மட்டும் காட்டினாள். அவர் தலையை அசைத்தார். “மூத்திரம் நிக்காம போயிக்கிட்டிருந்தா பயமில்லை. நின்னு போச்சுன்னாதான். கஞ்சித் தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க” என்றார். சாயங்காலத்திலிருந்து மூத்திரம் நின்றது. பொழுது சாய்ந்து, விளக்கேற்றி, கோழி கூவுகிறவரை வரவில்லை. அந்த இடைப்பட்ட நேரத்தைப் பற்றி மரகதவல்லி பிறகு யாரிடமும் பேசினதில்லை. செய்தி கேட்டுப் பாஷ்யம் வந்து வாசலில் நின்றபோதுகூட எழுந்து போகவில்லை. குழந்தையின் வயிற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

விடிந்து வெயில் கண்ட பிறகு குழந்தை நனைத்தது. டாக்டர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நேத்தைக்கு இது தேவலை” என்றார். மறுநாள் இன்னும் தேறியது. அதற்கடுத்த நாள் கன்னியப்பன் கொப்புளம் காய்ந்த வாயோடு சோறு கேட்டு அழுதான்.

மரகதவல்லி கிளம்பும்போது அங்கம்மாள் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். “இத்த எடுத்துக்கினு போயிடுங்கம்மா. என் வூட்ல வேணாம்.” கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து நெருப்பை அப்புறப்படுத்துகிற மாதிரி, இரண்டு விரலால் பிடித்துக் கொடுத்தாள். கிருஷ்ணவேணி கட்டுப் போட்ட கையோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புத்தகம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மரகதவல்லி செய்த முதல் காரியம், தாராவைப் பிடித்து அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான்.

“நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லையே” என்றார் பாஷ்யம். “அந்தக் குழந்தை வேற வண்டைப் பிடிச்சுதுன்னா நீ என்ன பண்ணுவே?”

“இன்னும் எத்தனை குழந்தைகள் பிடிக்கப் போறதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவள் எங்கெங்கே புத்தகம் போயிற்று என்று அச்சுக்கூடத்திலும் பள்ளிக்கூடங்களிலும் விசாரித்தாள். குடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போக ஆரம்பித்தாள். புத்தகத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கதையின் கடைசி வரியையும் மையால் அடித்தாள். தம்பலப்பூச்சியின் படத்துக்குப் பக்கத்தில், அது நிஜமாக எவ்வளவு இருக்குமோ அவ்வளவு சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள். ‘முதலில் பெரியவர்களிடம் காட்டு’ என்று கீழே எழுதித் திருப்பிக் கொடுத்தாள். சில வீடுகளில் சிரித்தார்கள். சில வீடுகளில் குழந்தை, வரியை அடிக்கக் கூடாது என்று புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதது. சில பரிசு வாங்கின குழந்தைகள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தன.

கார்த்திகையில் ஒரு நாள் ஐயம்பேட்டைக்குப் போனாள். லோகாம்பாள் என்ற நெசவுக்காரப் பெண் தறிக்குழியிலிருந்து காலை எடுக்காமலே அவள் சொன்னதைக் கேட்டாள். பிறகு உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டாள். ஏழு வயதுப் பையன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

“அந்தப் பூச்சிப் புஸ்தகம் எங்கடா?”

பையன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“சொல்லுடா. அடிக்கமாட்டாங்க.” பிறகு லோகாம்பாளே சொன்னாள். “கிழிச்சி கப்பல் வுட்டுட்டாம்மா, மழைத் தண்ணியில. ஒரு தாளுகூட மிச்சம் இல்ல. நீங்க இம்மாந்தூரம் வந்துக்கீறீங்க. மன்னிச்சுக்கோங்க.”

“நல்ல காரியம் பண்ணினான்” என்றாள் மரகதவல்லி.

லோகாம்பாளுக்கு அவள் கேலி செய்கிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்று விளங்கவில்லை. மகனின் தலையில் கைவைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். “இன்னும் எத்தினி வூட்டுக்குப் போவணும் நீங்க?”

“தெரியலைம்மா.”

மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. தெருக்கோடியில் இன்னொரு பெண்ணுக்கும் அந்தப் பரிசு கிடைத்ததாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். மழைக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்று மரகதவல்லி குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.